வாழை மட்டையில் உள்ள வலிமை

தார் வெட்டியபின் வாழை மரத்தைச் சாய்த்து வரப்போரம் தள்ளிவிடுவது வழக்கம். அங்கு அது மக்கும்வரை கூன்வண்டுக்கு இருப்பிடமாகிறது. பூத்தொடுக்கவும் கயிறு திரிக்கவும் பயன்படும் அதன் நாரை மேலும் நுண்ணியதாகப் பிரித்தால், பிளாஸ்டிக்கை வலுப்படுத்தும் பொருள் கிடைக்கும். இதில் உழவரின் பங்கு எது, தொழிற்சாலையின் பங்கு எது என்பதைக் காண்போம்.

நுண்ணிழை என்பது யாது?

உலர்ந்த வாழை நாரில் சுமார் 60 சதம் செல்லுலோஸ் உள்ளது. நார் என்பது பல புரிகள் சேர்ந்த கயிறு போன்றது. புரிகளைப் பிரித்துக்கொண்டே போனால் தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய இழைகள் கிடைக்கும். இவையே செல்லுலோஸ் நானோ இழைகள். ஒரே பருமனுள்ள எஃகின் எடையில் இவை ஐந்தில் ஒரு பங்கே. எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைவிட வலிமை மிக்கவை.

தயாரிக்கும் முறை

நாரைக் காரக் கரைசலில் வேகவைத்து, லிக்னின் முதலிய ஒட்டுப்பொருள்களை நீக்க வேண்டும். வெளுத்த கூழை நிறைய நீரில் கலந்து, மிகுந்த அழுத்தத்தில் குறுகிய இடுக்கின் வழியே பலமுறை செலுத்த வேண்டும். நூறு பங்கில் இரண்டு பங்கே இழை இருந்தாலும் கலவை களிபோல் ஆகிவிடும். மரக்கூழைக் கொண்டு இம்முறையை அமெரிக்காவில் டர்பாக் குழுவினர் 1983-இல் வெளியிட்டனர்.

இவ்விழைகளைப் பிளாஸ்டிக்குடன் கலந்து வார்த்தால், சுவரைக் கம்பி தாங்குவதுபோல் இழைகள் பாரத்தைத் தாங்குகின்றன. ஆனால் இழை நீரை விரும்புவது. பிளாஸ்டிக் நீரை ஏற்காதது. ஆகவே இழையின் மேற்பரப்பை இரசாயன முறையில் மாற்றினால்தான் இரண்டும் நன்கு ஒட்டும். அப்படியே உலர்த்தினாலோ இழைகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். மீண்டும் பிரிவது கடினம். செலவு கூடுவதற்கு இவையும் காரணங்களாம்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் முன்னின்று, இத்தகைய பொருளால் பல பாகங்கள் அமைத்த மாதிரிக் கார் 2019-இல் டோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்டது. பிரேசிலில் வாழை, அன்னாசி நார்களைக் கொண்டும் ஆய்வு நடந்துள்ளது.

உழவர் செய்யக்கூடியவை

நுண்ணிழை பிரிப்பது வீட்டில் செய்யும் வேலையன்று. நல்ல நார் எடுத்துக் கொடுப்பதே உழவரின் பங்கு.

1. தார் வெட்டியதும் தாமதமின்றி நார் எடுக்கவும். தாமதித்தால் நார் பழுப்பேறும்.

2. காய்ந்த வெளிமட்டைகளை நீக்கிவிடவும்.

3. எந்திரத்தில் பிரித்த நாரைச் சக்கை போக அலசி, நன்கு உலர்த்தவும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

4. சக்கையை மக்க வைத்து வயலுக்கே இடவும்.

"நானோ" என்ற பெயரைக் கேட்டு யாரும் கடன் வாங்கிவிடக் கூடாது. நாரை வாங்குபவர் யார், என்ன விலை, எவ்வளவு தேவை என்பதை உறுதி செய்துகொண்டு, பலர் சேர்ந்து ஓர் எந்திரம் வாங்குவதே சிறந்தது. நுண்ணிழைக்குத் தேவை பெருகும்வரை கயிறு, பாய், காகிதம் ஆகியவற்றுக்கும் அதே நார் பயன்படும்.