புத்தகத்துள் ஒளிந்த கத்தி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளுக்குச் சங்கடப்படலை என்றோர் அழகு உண்டு. படலைக்கு மேலே ஒரு சிறு கூரை. பக்கத்தே இருந்து இளைப்பாற ஒரு திண்ணை. வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் அங்கே ஒதுங்கலாம். வீட்டார் அவனுடைய ஊரையும் பேரையும் கேட்குமுன் தாகத்தைக் கேட்பர். மானிப்பாய் போன்ற ஊர்களிலே இப்படலைகள் இன்று அருகிவிட்டன. எனினும், வந்தவனை வரவேற்கும் மனம் நம்மவரை விட்டு இன்னும் நீங்கவில்லை.

மர்மக் கதை எழுதுவோர் விரும்பிக் கையாளும் கதையொன்று இத்தகைய படலையிலேதான் தொடங்குகிறது. முன்பின் அறியாத ஒருவன் வருகிறான். முகத்திலே சாந்தம், வாயிலே தேன். வீட்டார் மனங்கனிந்து அவனை உள்ளே அழைக்கின்றனர். வந்தவன் யாரென்பது வாசகனுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. இத்தகைய கதை மேனாட்டாரிடமிருந்து வந்த சரக்கு என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. கோயில்களிலே ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனத்தைக் கேட்டு வளர்ந்தோர், இளமையிலேயே இக்கதையைக் கேட்டிருக்கின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடியதும், 1852இல் ஆறுமுக நாவலர் வசன நடையில் அச்சேற்றியதுமான பெரியபுராணத்திலே, மெய்ப்பொருள் நாயனார் சரித்திரமே அது.

திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருளார் சிவனடியார் வேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டவர். போர்க்களத்திலே அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன் என்பவன், வாளால் முடியாததை வேடத்தால் முடிக்கத் துணிந்தான். உடல் முழுதும் நீறு பூசினான், சடை முடித்தான், புத்தகக் கட்டொன்றினுள் கத்தியை மறைத்துக் கையிலேந்தி இரவிலே அரண்மனையை அடைந்தான். அடியார் என்று கண்ட காவலர் வழிவிட்டனர். கடைவாயிலிலே நின்ற தத்தன் மட்டும், "அரசர் துயில்கின்றார், காலமறிந்து வருதல் வேண்டும்" என்று தடுத்தான். வந்தவன் அவனைக் கடந்து பள்ளியறையுட் புகுந்தான். அருகிருந்த அரசி கணவரை எழுப்ப, அவர் எழுந்து வணங்கினார். எங்கும் கிடைத்தற்கரிய ஆகம நூலொன்று கொணர்ந்ததாகக் கூறிய முத்தநாதன், அதைத் தனிமையிலேதான் உபதேசித்தல் வேண்டும் என்றான். அரசி அனுப்பப்பட்டாள். வந்தவனை ஆசனத்திருத்தித் தாம் நிலத்திலிருந்து அரசர் தலைவணங்கிய வேளையிலே, புத்தகம் அவிழ்ந்தது, கத்தி வெளிப்பட்டது.

சேக்கிழார் இக்கத்தியை நம்மிடமிருந்து மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அரண்மனை வாயிலை அவன் மிதிக்குமுன்னரே நமக்குச் சொல்லிவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு வாயில் திறக்கும்போதும் நம் நெஞ்சு துடிக்கிறது. மேசைக்குக் கீழே வெடிகுண்டு இருப்பது பார்ப்போருக்குத் தெரிந்து, மேசையில் இருப்போருக்குத் தெரியாதபோதே திகில் பிறக்கும் என்று படத்தயாரிப்பாளர் அல்பிரட் ஹிட்ச்கொக் 1962இல் துரூபோ என்ற பிரெஞ்சு நெறியாளருக்கு விளக்கினார். அந்த விதி நம் புராணகாரருக்குப் புதியதன்று.

மேனாட்டிலே இக்கதைக்கு மிக நெருங்கியது, சார்ள்ஸ் லோட்டன் நெறிப்படுத்தி 1955இல் வெளிவந்த 'வேடனின் இரவு' என்று பொருள்படும் ஆங்கிலப் படம். டேவிஸ் கிரப் 1953இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். அங்கும் கயவன் பூண்டது சமய வேடமே. ரொபேட் மிச்சம் நடித்த போலிப் போதகன், பிரசங்கத்தாலும் பாட்டாலும் ஊரை மயக்கி, ஒரு விதவையை மணந்து கொல்கிறான். அவளுடைய சிறுமியின் பொம்மைக்குள் ஒளித்திருந்த பத்தாயிரம் டொலருக்காகப் பிள்ளைகள் இருவரையும் துரத்துகிறான். சிறுமியின் தமையன் மட்டும் அவனை முதலிலேயே இனங்கண்டான். ஆயினும் குழந்தையின் சொல் யாருக்கு ஏறும்? அக்கதைக்குப் பின்னால் மெய்யான இரத்தமும் உண்டு. விவாகம் நாடுவோர்க்கான கடிதத் தொடர்பினால் விதவையரைக் கவர்ந்து, பெண்கள் இருவரையும் குழந்தைகள் மூவரையும் 1931இல் கொன்ற ஹரி பவர்ஸ் என்பவன், அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலே 1932இல் தூக்கிலிடப்பட்டான்.

இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓருண்மை புலப்படும். வஞ்சகன் நம் குற்றத்தின் வழியே வருவதில்லை. நம் நற்குணத்தின் வழியேதான் வருகிறான். அரசருக்குப் பக்தி; விதவைக்கு நம்பிக்கை. அப்படியாயின் நற்குணத்தையே கைவிட்டு விடுவதா? கதவை எவருக்கும் அடைத்துவிடுவதா?

மெய்ப்பொருளார் கைவிடவில்லை. வாளுருவிப் பாய்ந்த தத்தனை, வீழ்கின்றபோதே தடுத்து, "இவர் நம்மவர், இடையூறின்றி ஊர்ப்புறத்தே விட்டு வா" என்று ஏவினார், அவ்வாறு செய்தேன் என்ற சொல் கேட்கும்வரை உயிர் தாங்கியிருந்தார். அமெரிக்கக் கதையிலோ, பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்த மூதாட்டி துவக்குடன் இரவு முழுதும் விழித்திருக்கிறாள். இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் முரணல்ல. அரசர் கொடுத்தது தம்முயிர். மூதாட்டி காத்தது பிறர் பிள்ளைகளின் உயிர். தன்னுயிரை ஈதல் தியாகம். தன்னை நம்பியிருப்போர் உயிரைப் பணயம் வைத்தல் தியாகமாகாது. குடும்பத்தோர் நாயனாரை வணங்கலாம். ஆனால் வாயிலிலே தத்தனை நிறுத்துதல் கடமை.

வருவோர் எல்லாரும் முத்தநாதரல்லர் என்பதற்கு மானிப்பாயே சான்று. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இவ்வூரிலே நோய் தீர்த்தார். மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கி 1873இல் தாயகம் திரும்பினார். அவர் பெயரால் விளங்கும் வைத்தியசாலை இன்றும் இங்குண்டு. கத்தியும் புத்தகமும் அவர் கையிலும் இருந்தன. ஒன்றுள் ஒன்றை அவர் ஒளிக்கவில்லை. மதம் பரப்ப வந்தவர் என்பதும் ஊரறிந்த செய்தி. அவரோடு உடன்படாதோரும், யாருடன் உடன்படவில்லை என்பதை அறிந்திருந்தனர்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முத்தநாதன் கேட்டது தனிமை. அரசி வெளியேறவேண்டும் என்றான். இன்முகத்தோடு வருபவன், "இதை உன் வீட்டாருக்குச் சொல்லாதே" என்னும் கணத்திலே புத்தகக் கட்டு அவிழத் தொடங்கிவிட்டது. இன்று அவன் தொலைபேசி வழியாகவும் வருகிறான். பிள்ளைகள் கடல் கடந்திருக்கத் தனித்திருக்கும் முதியோரிடம் உறவு கொண்டாடுகிறான். கேட்பது மட்டும் அதே தனிமைதான்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். சங்கடப்படலையின் நிழல் எல்லோருக்கும் உரியது. அதற்கு உள்ளே படலையும் இருந்தது. வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தனர். படலையைத் திறக்குமுன் வீட்டாரைக் கூப்பிட்டனர்.