சிங்கப்பூரில் ஊர் சுற்ற... காலைக் கவனியுங்கள்!

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் போகிறீர்களா? ஒரு நாளை நிதானமாக ஊர் சுற்ற ஒதுக்குங்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மத்தியானம் மழை கொட்டும்!

கவலை வேண்டாம். கடைகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்று 1822-லேயே ராஃபிள்ஸ் உத்தரவு போட்டுவிட்டார். நம்மவர்களுக்கு அது 'அஞ்சடி'. தேக்கா மார்க்கெட்டில் தொடங்கி, சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில் வரை ஆற அமர நடக்கலாம். இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறதா? மரத்துப்போன பாதத்துக்குச் சூடும் தெரியாது, காயமும் தெரியாது. சுடும் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். நனைந்தால் விரலிடுக்கைத் துடையுங்கள். ராத்திரி பாதத்தைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.