கழுத்து வில்லையும் கைக்கடிகாரமும்: சிறார்க்குக் கடமையை நினைவூட்டும் கருவி கண்காணிப்பாக மாறலாமா?

புது தில்லி: பல் துலக்கினாயா, புத்தகப் பையை அடுக்கினாயா, கொடியில் காயும் துணியை எடுத்தாயா என்று குழந்தைகளின் பின்னால் நாள்தோறும் குரல் கொடுப்பது பெற்றோரின் நெடுங்காலப் பணி. அப்பணியைச் செய்ய இன்று கைக்கடிகாரம் வந்துவிட்டது. குறித்த நேரத்தில் மணிக்கட்டில் அதிர்ந்து, திரையில் ஒரு படத்தைக் காட்டி, அடுத்த வேலை எது என்று குழந்தைக்கு நினைவூட்டுகிறது அது.

எளிய வசதி போலத் தோன்றும் இக்கருவி, தனிமனித அந்தரங்கம் குறித்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் எல்லைக்குள்ளும் வருகிறது. தில்லியிலிருந்து வெகு தொலைவில் உள்ள அந்தமான் - நிகோபார் தீவுகளிலிருந்து பார்த்தால் இதன் பயனும் ஆபத்தும் மேலும் தெளிவாகத் தெரியும்.

முந்தானை முடிச்சு: மறக்காமல் இருக்க முந்தானையில் முடிச்சுப் போட்டுக் கொள்வது தமிழ்ப் பெண்களின் பழைய உத்தி. உடலில் அணிந்த ஒன்றைக் கொண்டு நினைவைத் தட்டி எழுப்பும் அதே உத்திதான் இப்போது மின்னணு வடிவம் பெற்றுள்ளது. எழுத்துப் படிக்கத் தெரியாத சிறு குழந்தைகளுக்காக, படங்களின் மூலம் அன்றாடப் பழக்கங்களை நினைவூட்டும் 'ஆக்டோபஸ்' என்ற கடிகாரத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்று 2016-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. இன்று பல நிறுவனங்களின் சிறார் கடிகாரங்களில் இவ்வசதி உண்டு.

இத்துறையில் இந்தியர்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப், உடலில் அணியும் கருவிகளை ஏழைக் குழந்தைகளின் நலனுக்குப் பயன்படுத்தும் யோசனைகளுக்காகப் போட்டி ஒன்றை நடத்தி 2015-ஆம் ஆண்டு நவம்பரில் முடிவை அறிவித்தது. வெற்றி பெற்ற இரு திட்டங்களுக்கும் இந்தியத் தொடர்பு இருந்தது.

அவற்றில் ஒன்று 'குஷி பேபி'. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டக் கிராமங்களில், கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தைகளுக்குக் கருப்புக் கயிறு கட்டும் வழக்கத்தை ஒட்டியே, தடுப்பூசி விவரங்களைச் சேமிக்கும் சில்லு பொதிந்த பதக்கம் உருவாக்கப்பட்டது. சுகாதாரப் பணியாளர் தன் கைப்பேசியை அதன் அருகே கொண்டு சென்றால் எந்த ஊசி பாக்கி என்பது தெரிந்துவிடும். மற்றொன்று 'சோப்பென்'. இந்தியப் பெண்கள் இருவர் வடிவமைத்த இந்த வண்ணக்கோல் வடிவச் சோப்பால் குழந்தைகள் கையில் கோடு கிழிப்பார்கள். அது மறையும்வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கை கழுவும் கடமையை நினைவூட்டுவது இங்கே கையில் உள்ள கோடுதான். இதற்கு மின்கலமும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

குழந்தைகள் மறதிக்காரர்களா?: குழந்தைகள் எல்லாவற்றையும் மறப்பதில்லை என்பதை உளவியல் ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியுள்ளன. 1983-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சில வேலைகளைத் தங்களுக்கு நினைவூட்டுமாறு தாய்மார்கள் தம் சிறு குழந்தைகளிடம் கேட்டுக் கொண்டனர். கடையில் மிட்டாய் வாங்குவது போன்ற விருப்பமான செயல்களைச் சிறிது நேரத்தில் நினைவூட்ட வேண்டியிருந்தபோது, இரண்டு வயதுக் குழந்தைகளே 80 சதவீத அளவுக்குத் தவறாமல் நினைவூட்டின. துணியை எடுத்து வைப்பது போன்ற ஆர்வமற்ற வேலைகளில்தான் மறதி மிகுந்தது.

1985-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 மற்றும் 14 வயதுச் சிறார்கள் 30 நிமிடங்கள் கழித்து அடுப்பிலிருந்து கேக்கை எடுப்பது போன்ற வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டனர். சொந்த வீட்டில் இருந்தவர்கள் தொடக்கத்தில் சில முறை கடிகாரத்தைப் பார்த்து நேரம் ஓடும் வேகத்தை மனதில் வாங்கிக் கொண்டனர். பிறகு விளையாட்டில் ஆழ்ந்து, முடியும் தறுவாயில் மீண்டும் கடிகாரத்தைக் கவனித்தனர். காலத்தை மனதுக்குள் அளக்கும் இத்திறமை பழகப் பழக வளர்வது. ஒவ்வொரு வேலைக்கும் கருவியே அதிர்ந்து கொண்டிருந்தால் அத்திறமைக்குப் பயிற்சி எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி எழுகிறது.

அதே நேரத்தில், கவனக்குறைவு - மிகை இயக்கக் குறைபாடு உள்ள சிறார்களுக்கு நேரத்தை உணர்வதே கடினம். பிறர் முன்னிலையில் திட்டு வாங்காமல், மணிக்கட்டின் மெல்லிய அதிர்வால் கடமையை உணர்வது அவர்களுடைய தன்மதிப்பையும் காக்கும். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்க, இக்குறைபாடு தனியாக இடம்பெறவில்லை. எனவே யாருக்கு இக்கருவி மிகவும் தேவையோ அவர்களே அதைச் சொந்தச் செலவில் வாங்க வேண்டியவர்களாக உள்ளனர்.

தீவுகளின் கடிகாரம்: அந்தமான் தீவுகளில் சூரியன் இந்திய நேரத்தைவிட ஏறத்தாழ 40 நிமிடங்கள் முந்திச் செல்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. விளையாடி முடித்து வீடு திரும்பவும், வெளிச்சத்தில் வேலைகளை முடிக்கவும் அங்குள்ள குழந்தைக்குக் கடிகாரத்தைவிட வானமே நல்ல நினைவூட்டி. பெருநகரத்துக்காக வடிவமைத்த கால அட்டவணை அங்கு அப்படியே பொருந்தாது.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகே தீவுகளில் இணைய வேகம் உயர்ந்தது. தலைநகர் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தவிர கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் உள்ளிட்ட சில தீவுகளை அவ்வடம் இணைக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டு, 2004 சுனாமியில் பேரழிவைக் கண்ட கட்சால் தீவு அந்த வடம் தொடும் இடங்களில் இல்லை. இணையத்தை நம்பிய கடிகாரத்தைவிட, வெறுமனே அதிரும் மலிவான கடிகாரமே இத்தகைய இடங்களுக்கு ஏற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ் என்பதும், கருவி பேசும் மொழி எது என்ற கேள்வியில் கவனிக்கத்தக்கது.

மர வில்லை: உடலில் அணிவிக்கும் பதிவின் மறுபக்கத்தையும் அந்தமான் அறியும். ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளின் கழுத்தில் மர வில்லை தொங்கவிடப்பட்டது. கைதி எண், தண்டனை விவரம், விடுதலையாகும் நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருந்தன. தான் யார் என்பதை ஒவ்வொரு கணமும் நினைவூட்டிய அவ்வில்லை, கைதியின் நன்மைக்காக அல்ல, காவலரின் வசதிக்காக அணிவிக்கப்பட்டது.

குழந்தையின் கடிகாரத்தைக் கைதியின் வில்லையோடு ஒப்பிடுவது மிகை எனத் தோன்றலாம். ஆனால், அணிந்திருப்பவருக்கு உதவும் பொருளா, அவரைக் கவனிப்பவருக்கு உதவும் பொருளா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. சிறார் கடிகாரங்கள் பலவற்றில் இருப்பிடத்தைக் காட்டும் வசதியும், சிலவற்றில் சுற்றியுள்ள பேச்சை ஒட்டுக் கேட்கும் வசதியும் இருந்தன. ஆசிரியரின் வகுப்பைக்கூடப் பெற்றோர் இதன்மூலம் ஒட்டுக் கேட்பதாகக் கூறி, ஜெர்மனி 2017 நவம்பரில் அத்தகைய கடிகாரங்களின் விற்பனையைத் தடை செய்தது.

சட்டம் சொல்வது என்ன?: 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களது தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. குழந்தைகளைப் பின்தொடர்வதையும், அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டத்தின் 9-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் ரூ.200 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கல்வி, பாதுகாப்பு நோக்கங்களுக்காகப் பள்ளிகள் போன்றவற்றுக்கு விலக்குகளும் உண்டு. "இத்தனை மணிக்குப் பல் துலக்கினான், இத்தனை நாள் வீட்டுப்பாடத்தைத் தவறவிட்டான்" என்று கருவி குறித்து வைப்பது நினைவூட்டலா, நடத்தைக் கண்காணிப்பா? பெற்றோரே ஒப்புதல் தந்து வாங்கும் கருவியில், குழந்தையின் ஒப்புதலை யார் கேட்பது? இவ்விரு கேள்விகளுக்கும் சட்டத்தின் வாசகத்தில் நேரடியான விடை இல்லை.

சட்டப்பேரவை இல்லாத, மாநிலங்களவையில் இடமும் இல்லாத அந்தமான் - நிகோபாருக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர்தான். தீவுக் குழந்தைகளுக்காக அவையில் கேட்கப்படும் கேள்விகள் குறைவாக இருக்கலாம். அதனால் அவர்களது தரவுகளின் மதிப்புக் குறைந்துவிடாது.

முந்தானை முடிச்சு எதற்காகப் போடப்பட்டது என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். வேலை முடிந்ததும் அவரே அதை அவிழ்த்துவிடுவார். குழந்தையின் மணிக்கட்டில் கட்டப்படும் கருவியும் அப்படி அமைந்தால் அது உதவி. அவிழ்க்கும் உரிமை வேறொருவரிடம் இருந்தால், அது மர வில்லையின் மறுபிறவியாகவே இருக்கும்.