இசப்புக்கோல் விதையின் பசைச்சத்து

இசப்புக்கோல் விதைகள் சிலவற்றை நீரிலிட்டுச் சிறிது நேரம் வைத்திருப்பின், ஒவ்வொரு விதையையும் சுற்றித் தெளிந்த பசை திரண்டு நிற்கக் காணலாம். அப்பசையின் பொருட்டே குஜராத்தின் வடபகுதியிலும் இராஜஸ்தானத்திலும் இப்பயிர் பெரும்பரப்பில் சாகுபடி செய்யப்படுகின்றது.

பசை விதையின் மேல்தோலில் அடங்கியுள்ளது. விதையை அரைவையிலிட்டுத் தூற்றினால், எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உமியாகப் பிரியும். எஞ்சியது கால்நடைத் தீவனமாகும்.

இரசாயன முறையில் ஆராயின், இப்பசை பெரும்பாலும் அரபினோசைலான் என்னும் கூட்டுச் சர்க்கரைப் பொருளாகும். அரிசியின் மாவுச்சத்து குளுகோஸ் என்னும் ஒரே சர்க்கரையாலானது. இதிலோ சுமார் முக்கால் பங்கு சைலோஸ். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது அரபினோஸ். சைலோஸ் கூறுகள் சங்கிலிபோல் கோத்து நிற்க, அச்சங்கிலியினின்று இவ்விரு சர்க்கரைகளாலான கிளைகள் நீளும். பருத்திப் பஞ்சின் செல்லுலோஸில் கிளைகள் இன்மையால் இழைகள் நெருங்கிப் பிணைந்து நீரில் கரையாதிருக்கின்றன. இங்கோ கிளைகள் சங்கிலிகளை நெருங்கவொட்டாது விலக்குவதால் இடையே நீர் புகுந்து தங்குகின்றது. 1 கிராம் உமி 40 மில்லிலிட்டருக்குக் குறையாமல் ஊதவேண்டுமென்பது ஐரோப்பிய மருந்து நூலின் விதி.

மனிதரின் சீரண நீர்கள் இப்பிணைப்பைப் பிளக்கமாட்டா. ஆதலின் பசை குடலில் நீரைத் தாங்கி நின்று மலச்சிக்கலைப் போக்கும். போதிய நீரின்றி உட்கொண்டால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக் கொள்ளுமாகையால் எச்சரிக்கை வேண்டும்.

நீரை ஈர்க்கும் இக்குணமே குடியானவருக்கு ஆபத்துமாகும். முதிர்ந்த கதிர்மேல் சிறுதூறல் விழினும் பசை களத்திற்கு வருமுன்பே ஊதிவிடும், விதை உதிரும், உமி தரங்கெடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்:

1. நவம்பர் மாதத்தில் விதைப்பை முடித்தல். பயிர் 110 முதல் 130 நாட்களில் முதிரும். தாமதித்தால் கோடைமழைக்கு இலக்காகும்.

2. கீழிலைகள் காய்ந்து, கதிர் பழுப்பு நிறமடைந்து, விரலால் நசுக்க விதை வெளிப்படும்போது அறுத்தல்.

3. காலைப்பனி முற்றும் உலர்ந்த பின்னரே அறுவடையைத் தொடங்குதல்.

4. விதையை ஈரம் தாக்காத இடத்தில் சேமித்தல்.

அறுவடைக் காலத்தில் மழை பெய்தபின் சேதம் பார்வையிடும் கிராம அதிகாரிகள், பயிர் சாயாது நிற்பது கண்டு நஷ்டமில்லையென முடிவு செய்தலாகாது. கதிரை நசுக்கி விதையைப் பார்த்தல் அவசியம். ஏனெனில் இப்பயிரின் மதிப்பு தாளில் இல்லை, விதையின் மெல்லிய தோலிலேயே உள்ளது.