குடும்பத்துக்கேற்ற குட்டிக் கப்பல்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாகாணத்துக் கடற்கரைவாசிகள் இதைக் கேட்டால், "படகையும் வாங்கிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். படகு வாங்கியவனுக்கு ஆனந்தமான நாட்கள் இரண்டுதான். ஒன்று அதை வாங்கிய நாள், மற்றது அதை விற்ற நாள் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வதுண்டு. அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே மறுபடியும் படகு வாங்குகிறார்கள்!

அந்த ஆசையில் தவறில்லை. சியாட்டில் நகரத்திலிருந்து வடக்கே கனடா வரையில் கடல் நிலத்துக்குள் புகுந்து, நூற்றுக்கணக்கான தீவுகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்கிறது. பசிபிக் மகா சமுத்திரத்தின் பேரலைகளைத் தீவுகள் அரண்போல் நின்று தடுத்துவிடுகின்றன. கோடை விடுமுறை வந்ததும் தாய், தந்தை, குழந்தைகள் எல்லோரும் ஒரு மோட்டார்ப் படகில் ஏறிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுவார்கள். படுக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் படகிலேயே இடம் உண்டு. 25 அடியிலிருந்து 36 அடி வரை நீளமுள்ள இந்தக் குட்டிக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாங்கிய பிறகு கட்டி ஆள்வது எப்படி?

ஐந்து குழந்தைகளும் ஒரு தாயும்

இதற்கு விடை தேடுபவர்கள் முதலில் ஓர் அம்மையாரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் எம். வைலி பிளாஞ்செட். கனடாவின் வான்கூவர் தீவில் வாழ்ந்தவர். 1920களில் கணவரை இழந்தார். கையில் ஐந்து குழந்தைகள். இன்னொருவராக இருந்தால் கரையிலேயே ஒடுங்கியிருப்பார். இவரோ கோடைதோறும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, குழந்தைகளோடு 'காப்ரிஸ்' என்ற மோட்டார்ப் படகில் புறப்பட்டுவிடுவார். அந்தப் படகின் நீளம் 25 அடி. அகலம் ஆறரை அடிதான்! என்ஜின் மக்கர் செய்தால் அவரே பிரித்துச் சரிசெய்வார். அந்த அனுபவங்களை எழுதிய 'தி கர்வ் ஆஃப் டைம்' என்ற நூல் 1961ல் வெளியாயிற்று. இன்றும் அந்தக் கடற்கரையில் படகோட்டும் பல குடும்பங்களில் அது படிக்கப்படுகிறது.

அம்மையாரிடம் பெரிய படகு இல்லை. வேகமான படகும் இல்லை. ஆனால் தம் படகின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்திருந்தார். கடலின் நேரம் காலத்தையும் அறிந்திருந்தார். படகு வாங்க நினைக்கும் குடும்பத்தலைவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

எத்தனை வேகம் வேண்டும்?

கண்காட்சிக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பளபளப்பு. காதில் முதலில் விழுவது வேகம். "முப்பது மைல் பறக்கும், ஸார்!" என்பார் விற்பவர். ஆனால் தண்ணீருக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஓடும் படகு முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலைகளின் இடைவெளி நீள்கிறது. அது படகின் நீளத்துக்குச் சமமானதும், படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கிறது. சைக்கிளில் மேடேறுவதுபோல் மூச்சு முட்டுகிறது.

இந்த எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடி என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 25 அடியானால் வர்க்கமூலம் 5, விடை 6.7. அதாவது மணிக்கு 6.7 கடல் மைல். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 36 அடியானால் எட்டுக் கடல் மைல். அதற்கு மேலும் போகலாம். தண்ணீரின்மேல் எழும்பிச் சறுக்கிச் செல்லும் படகுகள் உண்டு. ஆனால் எண்ணெய்ச் செலவு அலையைவிட உயரமாக எழும்பும். நிதானமாகப் போகும்போது மணிக்கு ஐந்தாறு லிட்டர் டீசல் குடிக்கும் படகு, வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதைப்போல் ஐந்து மடங்குகூடக் குடித்துவிடும்.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது இந்தக் கணக்கு பலருக்கு உறைத்தது. 1980ல் சியாட்டில் படகுக் கண்காட்சியில் 'நார்டிக் டக்' என்ற 26 அடிப் படகு அறிமுகமாயிற்று. துறைமுகங்களில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் இழுவைப் படகின் குழந்தை போன்ற தோற்றம், ஒரே ஒரு டீசல் என்ஜின், அடக்கமான வேகம். வாங்கிப் போக ஆட்கள் வந்தார்கள்; இன்று அந்தக் கடலில் அத்தகைய படகுகளை எங்கும் காணலாம்.

பதறாத காரியம்

"மெதுவான படகில் போனால் விடுமுறை வழியிலேயே கழிந்துவிடாதோ?" என்று கேட்கலாம். தீவுகள் அங்கே அவ்வளவு அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் பலகாரம் சாப்பிட்டுப் புறப்பட்டால், மதியச் சாப்பாட்டுக்கு வேறொரு தீவில் நங்கூரம் போட்டுவிடலாம்.

ஆனால் மெதுவான படகுக்காரர் ஒன்றைக் கற்றே தீரவேண்டும்: காத்திருப்பது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் குறுகிய இடுக்குகளில் தண்ணீர் காட்டாறுபோல் பாய்கிறது. டிசெப்ஷன் பாஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் எட்டுக் கடல் மைலை எட்டும். வடக்கே கனடாவிலுள்ள ஸீமோர் நாரோஸில் 15 வரை போகும். ஏழு மைல் படகு அங்கே எதிர்த்துப் போனால், முன்னேறுவதற்குப் பதில் பின்னேறும்! ஸீமோர் நாரோஸின் நடுவே நீருக்கடியில் ஒளிந்திருந்த ரிப்பிள் ராக் என்ற பாறை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடைசியில் 1958 ஏப்ரல் 5ந் தேதி, ஆயிரம் டன்னுக்கும் அதிகமான வெடிமருந்தை வைத்து அதைத் தகர்த்தார்கள். பாறையின் தலை போய்விட்டது, நீரோட்டம் போகவில்லை. ஓட்டம் திரும்பும் சில நிமிஷங்களில் தண்ணீர் சாந்தமாயிருக்கும். அட்டவணையைப் பார்த்து அந்த வேளைக்குக் காத்திருப்பவர் சுகமாகக் கடந்துவிடுவார். பதறாத காரியம் சிதறாது.

குழந்தைகள் இருக்கிறார்கள்!

அந்தக் கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். தவறி விழுந்தவருக்கு மூச்சுத் திணறிக் கைகால் விறைத்துவிடும். நீச்சல் தெரிந்தும் பயன்படாது. 2023ல் அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் மாண்டனர். சாவின் காரணம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் நீரில் மூழ்கியவர்கள். மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் மிதவைச் சட்டை அணியாதவர்கள். சட்டை படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்கவேண்டும். ஓடும் படகின் தளத்தில் நிற்கும் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே தீரவேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. அப்பாவும் அம்மாவும் அணிந்துகொண்டால் பிள்ளைகளுக்கு உபதேசம் தேவைப்படாது.

ஆகவே படகைப் பார்க்கும்போது மெத்தையை அழுத்திப் பார்க்குமுன் கைப்பிடிக் கம்பியை அசைத்துப் பாருங்கள். பக்கத்து நடைபாதை குறுகலா, அகலமா? விழுந்தவர் தாமாக ஏறிவர ஏணி உண்டா? பெட்ரோல் என்ஜினானால் இன்னும் கவனம் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். அதனால்தான் என்ஜினைக் கிளப்புமுன் நான்கு நிமிஷமாவது காற்றாடியை ஓட்டி ஆவியை வெளியேற்றச் சொல்கிறார்கள். டீசலில் அந்தப் பயம் மிகக் குறைவு. எந்த என்ஜினானாலும் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை. அதைக் கண்டு மணியடிக்கும் கருவி படுக்கையறையில் இருக்கவேண்டும்.

வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

பழைய படகை வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் விற்பவர் வார்த்தையை மட்டும் நம்பலாகாது. தனியே ஒரு பரிசோதகரை அமர்த்தி, படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் செய்யவேண்டும். சிறு சுத்தியால் தட்டியே உள்ளே ஈரமா, ஊறலா என்று அவர் சொல்லிவிடுவார். என்ஜின் எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். பிறகு கடலில் ஓட்டிப் பார்க்கவேண்டும். என்ஜினைச் சுற்றி ஓர் ஆள் குனிந்து வேலை செய்ய இடம் உண்டா என்பதும் முக்கியம். கை நுழையாத இடத்திலுள்ள வடிகட்டியை யாரும் மாற்றமாட்டார்கள். மாற்றாத வடிகட்டி நடுக்கடலில் பழிவாங்கும்.

இனிச் செலவு. படகு விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுத்துவைக்க வேண்டும் என்பது படகுக்காரர்களின் வாய்ப்பாடு. லட்சம் டாலர் படகானால் ஆண்டுக்குப் பத்தாயிரம்! துறையில் கட்டிவைக்கக் கட்டணம், இன்ஷூரன்ஸ், சிப்பியும் பாசியும் ஒட்டாமல் அடிக்கும் வர்ணம், உப்புநீர் உலோகத்தைத் தின்னாமலிருக்கத் தன்னைப் பலிகொடுக்கும் துத்தநாகக் கட்டி என்று பட்டியல் நீளும். நீளம் கூடினால் இவை எல்லாமே கூடும். எட்டரை அடிக்குமேல் அகலமில்லாத படகை விசேஷ அனுமதியின்றி வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலையில் இழுத்துவரலாம். வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டால் துறைக் கட்டணம் மிச்சம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமல்லவா?

வாங்குமுன் இன்னொரு காரியமும் செய்யலாம். அனகோர்ட்டஸ், பெல்லிங்ஹாம் துறைகளில் இத்தகைய படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்வாருங்கள். மழை பெய்து எல்லோரும் அறைக்குள் அடைபட்ட அந்த ஒரு நாளில், இந்தப் படகு நமக்குப் போதுமா, போதாதா என்பது தெரிந்துவிடும். வீட்டு அம்மாளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தண்ணீரில் விழுந்தால் திருப்பி வந்து தூக்குவது யார்?

பெரிய படகு வாங்கிக் கடன் கட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவரின் படகு துறையிலேயே பாசி பிடித்துக் கிடக்கும். சின்னப் படகுக்காரர் சனிக்கிழமை காலையிலேயே குழந்தைகளோடு புறப்பட்டிருப்பார். ஆறரை அடி அகலப் படகில் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த அம்மையார் போனது இந்த வழியில்தான்.