மெட்டியில் தொடங்கும் வைத்தியம்

பட்டாசு ஆலை விபத்தில் வெந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததும், செவிலியரின் கை முதலில் போவது அவள் மெட்டிக்கும் வளையலுக்கும்தான். கழற்ற வந்தால் கழற்றுவார், வராவிட்டால் வெட்டி எடுப்பார். வெந்த உடம்பு சற்று நேரத்தில் வீங்கிவிடும். வீங்கிய விரலை மெட்டி இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். கூடவே மூக்கு முடி கருகியிருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் தொண்டைக்குள்ளும் சூடு போயிருக்கிறது, மூச்சுக்குழல் எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம் என்று பொருள்.

அடுத்தது, உடம்பில் எத்தனை விழுக்காடு வெந்திருக்கிறது என்ற கணக்கு. ஒரு கை 9 விழுக்காடு, ஒரு கால் 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18. பட்டாசுக்கான மணி மருந்து உராய்ந்து வெடித்ததில் இரண்டு கையும் முன்னுடம்பும் வெந்திருந்தால் 36. எடை 50 கிலோ என்றால், 4 மில்லியை எடையாலும் விழுக்காட்டாலும் பெருக்க வேண்டும்: 7,200 மில்லி. முதல் நாளில் ஏற வேண்டிய ட்ரிப்ஸ் இவ்வளவு. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். அந்த 8 மணி, தீப்பட்ட நொடியிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. வந்து சேரவே 2 மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சம் 6தான். அளவை மருத்துவர் எழுதுகிறார். அது சரியாகப் போகிறதா என்று மணிக்கு மணி சிறுநீர்ப் பையைப் பார்த்துக் குறிப்பவர் செவிலியர். மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது. இரவு 3 மணிக்கு அந்தக் கோட்டைக் கவனிப்பவர் கண் அயர்ந்தால், காலையில் எழுதிய மருந்துக்குப் பயனில்லை.

அந்த 8 மணியில் தொலைவும் ஒரு பங்கைத் தின்றுவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். படுகாயமடைந்தவர்களை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிவகாசியிலிருந்து மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அந்தத் தொலைவில் ஒரு பகுதி குறைந்தது.

தீக்காய வார்டில் மிகக் கடினமான வேளை காலை டிரஸ்ஸிங். வலிக்கான ஊசியை முன்கூட்டியே போட்டு, அது வேலை செய்யும்வரை பொறுத்து, ஒட்டிப்போன துணியைச் சலைனில் ஊறவைத்து உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் புதிதாக முளைத்த தோலும் கூடவே வந்துவிடும். அதைவிடக் கடினம் வேறொன்று உண்டு. 80 விழுக்காடு வெந்தவர் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் அழிந்திருப்பதால் வலி குறைவு. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பார். பதில் சொல்லும் செவிலியருக்கு வரப்போவது தெரியும்.

இந்த வேலைக்குக் கை ஒரு மாதத்தில் பழகாது. தீக்காயச் செவிலியத்துக்கென்று தனிப் பட்டயப் படிப்பே இருக்கிறது. ஆனால் பொது வார்டிலிருந்து சுற்றுமுறையில் வருபவர்கள் கற்றுக்கொண்ட வேளையில் வேறு வார்டுக்குப் போய்விட்டால், அந்தத் திறமையும் கூடவே போய்விடுகிறது. 2017 நவம்பரில் தமிழக ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் திரண்டபோது அவர்கள் ஊதியம் மாதம் 7,700 ரூபாய். அந்தச் சம்பளத்தில் எவ்வளவு காலம் நிலைத்திருந்திருக்க முடியும்? இந்தியப் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் வட்டாரத்தில், தீக்காய வார்டுக்கென்றே பயிற்சி பெற்ற நிரந்தரச் செவிலியர்கள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உயிர் தப்பியவர்களுக்கு வேலை இன்னும் நீள்கிறது. கழுத்து வெந்தவருக்குத் தலையணை கிடையாது; வைத்தால் தாடை மார்போடு ஒட்டிக் குணமாகும். விரல்களைத் தனித்தனியே சுற்றிக் கட்ட வேண்டும், இல்லையேல் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பட்டாசுக் குழாயில் வெடிமருந்து செலுத்தி, திரி சொருகிப் பிழைத்த கை அது. வலிக்கிறது என்று அழுதாலும் அந்த விரல்களைத் தினமும் மடக்கி நீட்ட வைக்கிறார் செவிலியர்.