பதினேழு பேரும் ஒரு பாடமும்

சென்ற தவணையில் ஒருநாள் வகுப்பிலே சுகாதாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கள் வீட்டுக் கிணற்றிலே மீன்குஞ்சு விடுவதற்குச் சுகாதாரப் பகுதியினர் வந்தார்கள். மலேரியாவைத் தடுக்கவாம். எங்கள் நாட்டில்தான் மலேரியா இல்லையே. பிறகு இந்த மீன் எதற்கு? குடிக்கிற தண்ணீரில் மீன் விடுவதா என்று அம்மம்மாவும் ஏசினா" என்றான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி வீடு வரையில் எம்மைத் தொடர்ந்து வந்தது. இல்லாத நோய்க்குக் காவல் எதற்கு? மணி அடிப்பதற்குள் அன்று சொல்லி முடிக்க இயலாத விடையை இங்கே சொல்ல முயல்கின்றோம்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்து கொடுப்பவர். ஒரு வீட்டினுள் வந்த நோய்க்கு இந்நான்கும் போதும். வீடு விட்டு வீடும் நாடு விட்டு நாடும் செல்லும் நோய்க்கோ ஐந்தாவது கூறு ஒன்றும் வேண்டியிருக்கின்றது. அஃது யாதென்பதை இலங்கையில் மலேரியா பட்ட பாடும் படுத்திய பாடுமே எடுத்துக்காட்டும்.

இன்றைய பிள்ளைகளுக்கு மலேரியா வெறும் பெயர். நாம் அவர்களின் வயதினராய் இருந்தபோது அதனை அறியாத குடும்பம் அரிது. முதலில் நடுக்கம், பின்பு அனலெனக் காய்ச்சல், அதன் பின்பு வியர்வை. குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றும் எமது நாவில் நிற்கின்றது. எமது பாட்டன்மார் காலத்திலோ அது யமனாகவே வந்தது. 1934 ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி மணலிடையே சிறு குட்டைகளாயின. தெளிந்து தேங்கிய அந்நீரில் அனோபிலிஸ் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் வீடுதோறும் பாயில் விழுந்தனர் மக்கள். 1935 இல் அக்கொள்ளை நோய் தணிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. தாயும் பிள்ளையும் ஒருங்கே படுத்த வீட்டில், மருந்து கொடுப்பதற்கு அருகில் யார் இருந்திருப்பார்?

அக்காலத்தில் நோயின் காரணம் அறியப்படாமலில்லை. நுளம்பின் வயிற்றிலே மலேரியாக் கிருமி வளர்வதை 1897 ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் கண்டறிந்துவிட்டார். கொயினாவும் கைவசம் இருந்தது. நுளம்பை நாடளாவ ஒழிக்கும் வழியே இல்லாதிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டி வந்த டி.டி.ரி. மருந்து அவ்வழியைத் தந்தது. இரத்தம் குடித்த நுளம்பு சுவரிலே இளைப்பாறுவது வழக்கம். சுவரில் மருந்தைத் தெளித்துவிட்டால் அது அடுத்தவரைக் கடிக்குமுன் மடிந்துபோகும். இலங்கையில் 1946 முதல் வீடுவீடாகத் தெளித்தனர். காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் கைவிட்டிருந்த உலர்வலயக் காடுகளில் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1955 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், மலேரியாவைப் பூமியிலிருந்தே ஒழிப்பதென ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. நாடுகள் பல ஒன்றுகூடி, அறிவையும் மருந்தையும் பொருளையும் பகிர்ந்துகொண்டன. இலங்கையும் அதிற் சேர்ந்தது. 1963 இல் இத்தீவு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பதினேழு பேர்! 80,000 உயிரைக் கொண்ட நோய், ஒரு வகுப்பறையின் பாதி வாங்குகளை நிரப்பவும் போதாத தொகையாய்ச் சுருங்கிற்று. வெற்றி வெற்றி என்று உலகம் எம்மைப் பார்த்து மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சியே எமக்கு வினையாயிற்று. நோய் போய்விட்டதென எண்ணித் தெளிப்பை நிறுத்தினோம். இரத்தம் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. காய்ச்சல்காரர் சிலர் கண்ணிற் படாமல் உலவினர். மழை குன்றிய காலம் வந்தது. ஆற்றுக் குட்டைகளிலும், மாணிக்கக்கல் தோண்டிய குழிகளிலும் நுளம்பு மீண்டும் பெருகிற்று. 1969 இல் நோய் கண்டவர்கள் 5 இலட்சத்துக்கும் மேல்! மறுபடியும் மருந்தைத் தெளித்தபோது, நுளம்பு டி.டி.ரி.யைத் தாங்கப் பழகிவிட்டிருந்தது. வேறு மருந்து தேடவேண்டியதாயிற்று. பதினேழு பேரைக் காவல் செய்யாத குற்றத்துக்கு நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டம் செலுத்திற்று என்று சொன்னால் மிகையாகாது. 1999 இலும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் வருந்தினர்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்று கேட்கலாம். பெரியம்மையை உலகம் அடியோடு ஒழித்துவிட்டதே. மலேரியாவை ஏன் அவ்வாறு செய்ய இயலவில்லை? பெரியம்மை மனிதரை மட்டுமே பற்றுவது. முகத்திலே கொப்புளமாய்த் தன்னைக் காட்டிக்கொடுப்பது. ஒரு தடுப்பூசிக்கு நெடுங்காலம் அடங்குவது. மலேரியாக் கிருமியோ மனிதரின் ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கவும் வல்லது. நுளம்பின் உடலிலும் வாழ்வது. மருந்துக்குத் தப்பவும் கற்பது. அன்றியும் 1955 இன் திட்டம் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவின் பெரும்பகுதியைத் தொடவேயில்லை. 1969 இல் உலக ஒழிப்பு என்ற இலக்கே கைவிடப்பட்டது. அயலான் வீடு எரிய விட்டுவிட்டு எம் கூரையை மட்டும் நனைத்து வைத்தால் எத்தனை நாளைக்குக் காப்பாகும்?

பெற்ற பாடம் வீண்போகவில்லை. இந்த நூற்றாண்டில் வேலை வேறு விதமாக நடந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்ப்பதற்கென 2002 இல் நிறுவப்பட்ட உலக நிதியம் பொருளுதவி செய்தது. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வந்தன. மலேரியாத் தடை இயக்கத்தின் நடமாடும் பிரிவுகள் காய்ச்சல்காரரைத் தேடிச் சென்று இரத்தம் எடுத்தன. போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் அவ்வேலை முற்றாக நின்றுவிடவில்லை. நுணுக்குக்காட்டியின் முன் இருந்து இரத்தத் துளியைப் பார்த்தவர்களின் பெயரை நாம் அறியோம். அவர்களாலேதான் இது கூடிற்று. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கிற்று.

இனி மாணவனின் மீனுக்கு வருவோம். சான்று கிடைத்ததனால் நுளம்பு போய்விடவில்லை. பிறநாட்டிலிருந்து கிருமியோடு வருபவரும் குறையவில்லை. அத்துடன், இந்தியாவின் நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு 2017 அளவில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையைத் தேடியது. இதுவோ எமது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலுமே முட்டையிடும். கிணற்றில் விடும் சிறு மீன், புழுவாயிருக்கும்போதே நுளம்பைத் தின்றுவிடுகின்றது. ஆகவே, அம்மம்மா அந்த மீனை ஏசாதிருப்பாராக! 1963 இல் நாம் வைக்கத் தவறிய காவற்காரன் அதுவே.

வள்ளுவர் கூறிய நான்கோடு நாம் சேர்க்கவேண்டிய ஐந்தாவது கூறு இந்தக் காவல்தான். அது சுகாதாரப் பகுதியினருக்கு மட்டும் உரிய கடமையன்று. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ செல்பவர் புறப்படுமுன் தடுப்புக் குளிசை பற்றி விசாரித்தல் வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், சென்றுவந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிற் சொல்லி இரத்தம் சோதித்தல் வேண்டும். இவ்வளவே எம்மிடம் கேட்கப்படுவது.

ஒரு மனிதரின் கதையோடு முடிக்கின்றோம். உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மேர்க்கா நகரத்து வைத்தியசாலைச் சமையற்காரரான அலி மாவ் மாலின். ஊசி நோகுமென அஞ்சித் தடுப்பூசிக்குத் தப்பியவர் அவர். 1977 இல் நோயுற்று உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்பு வேலையிற் சேர்ந்து, தமது பிழையைத் தாய்மாரிடம் எடுத்துச் சொல்லி, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்குமாறு வேண்டி ஊர் ஊராய்த் திரிந்தார். 2013 இல், அந்தப் பணியில் இருக்கும்போதே மாண்டார். அவர் உயிரைக் கொண்டுபோன நோய் மலேரியா.

அவர் இறந்த ஆண்டில் இலங்கையில் உள்நாட்டிலே மலேரியா தொற்றியவர் ஒருவரும் இல்லை. ஆபிரிக்காவிலோ ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர், அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள், இன்றும் அந்நோய்க்கு இரையாகின்றனர். அக்குழந்தைகளுக்கென 2021 இல் உலக சுகாதார ஸ்தாபனம் முதல் மலேரியாத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. அந்த ஊசி அவர்களின் கைக்குப் போய்ச் சேரும் நாளில், எமது கிணற்றடியில் நிற்கும் காவலும் சற்று இலேசாகும்.